ஆழாக்கு அரிசியும் அரைக்கால் அப்பமும்

முன்னொரு காலத்தில் புன்னைநாட்டை வில்லவராயர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். கோபத்தில் எதையாவது சொல்லிவிட்டுப் பிறகு தவிப்பார். ராஜா சபையில் சொன்ன சொல்லை ராஜாவே மாற்றக் கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம். எந்தப் புண்ணியவான் வைத்த வழக்கமோ!

அவருக்கு ஒரே மகள் வஞ்சிக்கொடி. ஏழு வயது. பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வந்திருந்தபோது, வில்லவராயர் பெருமை காட்ட நினைத்து, "ஏழெட்டு எத்தனை, சொல்லம்மா!" என்று சபையில் கேட்டுவிட்டார். குழந்தை திருதிருவென்று விழித்தாள். விருந்தாளி களுக்கென்று சிரித்தார். அவ்வளவுதான்.

"கணக்கு எங்கே வருகிறதோ அங்கேயே இவள் இருக்கட்டும்! பன்னிரண்டு வயதுவரை வேறெங்கும் கால் வைக்கக் கூடாது!" என்று ஆணையிட்டுவிட்டார் ராஜா.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் அரண்மனைக் கணக்காயர் தாண்டவராயருக்கு வாயெல்லாம் பல். அமைச்சர் செவ்வந்தியப்பருக்கு ராஜாவிடம் இருந்த செல்வாக்கைக் கண்டு வயிறெரிந்துகொண்டிருந்தவர் அவர். இளவரசி தன் கையில் இருந்தால் ராஜாவும் தன் கையில் என்று கணக்குப் போட்டு, மலைமேல் இருந்த தன் பள்ளிக்கூடத்துக்குக் குழந்தையை அழைத்துப் போனார். "பெற்றவர்கள் வந்தால் பிள்ளை மனம் கலையும்" என்று ராஜாவையும் அரசியையும் அந்தப் பக்கம் வரவே விடவில்லை.

கோபம் அன்றைக்கே ஆறிவிட்டது. ஏக்கம்தான் ஆறவில்லை.

காலையில் ராஜாவுக்கு அப்பம் வரும். முன்பெல்லாம் அவர் அதை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை மகளுக்குக் கொடுப்பார். அவள் அப்பாவின் பாதியையும் இரண்டாகப் பிய்த்து ஒரு துண்டைப் பறித்துக்கொண்டு ஓடுவாள். இப்போதும் அவர் கை பழக்கத்தில் பிய்த்துவிடும். தின்ன மனம் வராது. அரசி சீதளவல்லி மிச்சத்தைப் பார்ப்பாள், தட்டை எடுத்துப் போவாள். எந்தச் சிறுமியின் கொலுசு ஒலித்தாலும் ராஜா திரும்பிப் பார்ப்பார். மாடத்தில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிட்டிருப்பாளா, தலை வாரிவிட ஆள் இருக்குமா என்று மனம் அடித்துக்கொள்ளும்.

ஒரு நாள் செவ்வந்தியப்பர் மெல்லக் கேட்டார். "மகாராஜா இளைத்துவிட்டீர்களே?"

"வெயில், அமைச்சரே."

"மார்கழி மாதத்திலா?"

ராஜாவின் கண் கலங்கிவிட்டது. "வாயை விட்டு மாட்டிக்கொண்டேன். என் பிள்ளையைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, ஐயா."

"ஆணையை மாற்ற வேண்டாம். பள்ளிக்கூடத்தைச் சோதிக்க ராஜா போகலாமே? அதை யார் தடுப்பது?" என்றார் அமைச்சர். பிறகு நேரே அரசியிடம் போய்ச் சற்று நேரம் பேசினார். திரும்பும்போது அடுக்களையிலிருந்து ஒரு படியும், ஆழாக்கும், ஒரு மூட்டை அரிசியும் கூடவே வந்தன.

மறுநாள் ராஜாவும் சபையும் மலையேறினார்கள். பிள்ளைகள் கைகட்டி வரிசையில் நின்றார்கள். வஞ்சிக்கொடி அப்பாவைப் பார்த்தாள். ஆனால் ஓடிவரவில்லை.

"ஏழெட்டு?" என்று அதட்டினார் தாண்டவராயர். மற்றப் பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பித்தார்கள். இளவரசி மட்டும் வாயே திறக்கவில்லை.

"மக்கு மண்டை, மகாராஜா. நாளாகும்" என்றார் ராயர்.

அமைச்சர் முன்னே வந்தார். "ராயரே, ஒரு படிக்கு எத்தனை ஆழாக்கு?"

"எட்டு! இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"அளந்து காட்டுங்களேன்."

பிறந்ததிலிருந்து அடுக்களைப் பக்கமே போகாத ராயர், ஆழாக்கில் கோபுரம்போல் அரிசியைக் குவித்து அள்ளி அள்ளிப் போட்டார். ஆறாவது ஆழாக்கிலேயே படி நிறைந்தது. ஏழாவது வழிந்து தரையெல்லாம் ஓடியது. "படியில் ஏதோ சூது!" என்று கத்தினார்.

கலகலவென்று ஒரு சிரிப்பு. எத்தனை நாள் ஆயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! ராஜா ஆசனத்தை விட்டே எழுந்துவிட்டார்.

"குவிச்சு அளக்கக் கூடாதுங்க ஐயா, தலைதட்டிப் போடணும்!" என்று ஓடிவந்தாள் வஞ்சிக்கொடி. படியைக் கவிழ்த்துவிட்டு, ஆழாக்கில் அள்ளி, உள்ளங்கையால் வழித்துவிட்டுப் போட்டாள். சரியாக எட்டு. படி வழியவில்லை.

"அப்படியானால் ஏழு படி அரிசிக்கு எத்தனை ஆழாக்கு, தாயே?" என்றார் அமைச்சர்.

அவள் அரிசியைப் பார்த்தாள், விரலை மடக்கினாள். "அம்பத்தாறு!" என்றாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "அன்னைக்கு நீங்க கேட்டது இதுதானாப்பா? அரிசின்னு சொல்லியிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே..."

ராஜா அப்படியே அவளை வாரி அணைத்துக்கொண்டார்.

"ஆணை என்ன ஆவது?" என்று பதறினார் ராயர்.

"ஆணை அப்படியே இருக்கட்டும். கணக்கு வருகிற இடத்தில்தானே இருக்கச் சொன்னார்?" என்ற அமைச்சர் குழந்தையைக் கேட்டார். "இந்தக் கணக்கு உனக்கு எங்கே வந்தது, அம்மா?"

"எங்க வீட்டு அடுக்களையில. அம்மாவும் நானும் தினமும் அரிசி அளப்போமே!"

"கேட்டீர்களா? இத்தனை நாள் இளவரசியை இங்கே வைத்திருந்ததுதான் ஆணையை மீறிய குற்றம். வைத்திருந்தவர் யார், ராயரே?"

ராயருக்கு மார்கழிக் குளிரிலும் வேர்த்துக் கொட்டியது. ராஜா வாய்விட்டுச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். ராயருக்கு வேறு பரிசு: தலைதட்டி அளக்கக் கைவரும்வரை தினமும் அரண்மனை அடுக்களையில் அரிசி அளக்க வேண்டும். ஆசிரியை வஞ்சிக்கொடி!

மறுநாள் காலை அப்பம் வந்தது. ராஜா இரண்டாகப் பிய்த்தார். மகள் தன் பாதியை வாங்கிக்கொண்டு, அவர் பாதியையும் இரண்டாகப் பிய்த்தாள். ஆனால் இந்தத் தடவை அந்தக் கால் அப்பத்தைப் பறித்துக்கொண்டு ஓடவில்லை.

"நான் இல்லாதப்ப இதைத் தின்னாம வெச்சுட்டீங்களாமே. அம்மா சொன்னாங்க" என்றவள் அதையும் இரண்டாக்கினாள். "அரைக்கால் எனக்கு, அரைக்கால் உங்களுக்கு. இனிமே மிச்சம் வைக்கக் கூடாது."

அரைக்கால் அப்பம் ஒரு வாய்க்குக்கூடக் காணாது. புன்னைநாட்டு ராஜா அதை வெகுநேரம் தின்றுகொண்டிருந்தார்.