தலை குனிந்த கேமரா

"எம்மா, இந்தக் கேமரா என்னையக் கண்டாலே தலையத் தொங்கப் போட்டுருது," என்றார் குத்தாலிங்கம்.

பேச்சியம்மாள் தன் ரிப்பேர்க் கடையில் உட்கார்ந்து ஏதோ ஒரு மோட்டாருக்குள் ஸ்குரூ டிரைவரை விட்டுத் திருகிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உங்களக் கண்டா மட்டுமா, எல்லாரையும் கண்டாலா?"

"என்னையக் கண்டா மட்டுந்தான்."

"மரியாதையான கேமரா அண்ணாச்சி."

குத்தாலிங்கம் தென்காசிப் பக்கத்தில் இருபத்தாறு வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறவர். வயது ஐம்பத்து நாலு. பேச்சிக்கு இருபத்தெட்டு. பெயர்தான் பேச்சி, வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் நமக்கு நாக்கு வறண்டுவிடும்.

கிம்பல் என்று ஒரு கைப்பிடிக் கருவி இருக்கிறது. கேமராவை அதில் பூட்டிக்கொண்டு நடந்தால் படம் குலுங்காது. மூன்று மோட்டார்கள் பார்த்துக்கொள்ளும். அந்தக் கருவிக்கு அந்த வட்டாரத்தில் ஒரே குரு பேச்சிதான். மகள் வயதுப் பெண்ணிடம் போய்ப் பாடம் கேட்க குத்தாலிங்கத்துக்கு வெட்கமில்லை. வெட்கத்தையெல்லாம் போன தை மாசமே தொலைத்துவிட்டார்.

அப்போது ஆவுடையப்பன் என்பவரின் மூத்த மகளுக்குக் கல்யாணம். கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்துக் கிம்பல் படுத்துக்கொண்டது. கேமரா தலையைக் குனிந்து மணவறைத் தட்டைப் படமெடுக்க ஆரம்பித்தது. இவர் தட்டி, உலுக்கி, அணைத்துப் போடுவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது.

இன்றைக்கும் அந்த வீடியோவில் மேளம் கேட்கிறது. குலவை கேட்கிறது. அட்சதை விழுகிறது. ஒரு சீப்பு வாழைப்பழத்தின் மேல்.

இப்போது ஆவணியில் இளைய மகளுக்குக் கல்யாணம். ஆவுடையப்பன் நல்ல மனுஷர். "வாழைப்பழத்துக்கு ஒரு தடவ கல்யாணம் பண்ணி வச்சாச்சு அண்ணாச்சி, இந்தத் தடவ எம் மகளுக்குப் பண்ணுவோம்," என்று மறுபடியும் இவரையே கூப்பிட்டுவிட்டார். மூத்த மருமகனுக்குத்தான் இதில் சம்மதமில்லை. அவர் திருநெல்வேலியில் ஓர் ஆளைப் பேசித் தயாராக வைத்திருந்தார்.

"இதுலயும் சொதப்பினா, நான் இனிமே கேமராவத் தொடவே மாட்டேம்மா," என்றார் குத்தாலிங்கம். சும்மா சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

பேச்சி கிம்பலை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு ஒண்ணுமில்ல."

"பெறகு ஏன் படுக்குது?"

"ஓடும்போது கேமராவ யாராச்சும் பிடிச்சு அமுக்குனா மோட்டார் மல்லுக்கட்டும். முடியலன்னா படுத்துரும்."

"யாரும்மா அமுக்கப் போறா? எப்பவும் எங்கையிலதான இருக்கு!"

பேச்சி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "பூட்டுங்க," என்றாள்.

பூட்டினார்.

"ஆஃப் பண்ணுங்க."

"ஆஃப் பண்ணினா விழுந்துருமே?"

"விழட்டும். எந்தப் பக்கம் விழுதோ அந்தப் பக்கம் கனம். எந்தப் பக்கமும் விழாம நின்னா சரி."

லென்ஸ் பக்கம் விழுந்தது. கேமரா உட்காருகிற தட்டைப் பின்னால் தள்ளச் சொன்னாள். தள்ளினார். இடப்பக்கம் சாய்ந்தது. வலப்பக்கம் நகர்த்தச் சொன்னாள். நகர்த்தினார். மறுபடியும் சாய்ந்தது. குனிந்து பார்த்தாள். கேமரா வாரில் ஓர் எலுமிச்சம்பழம் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது?"

"திருஷ்டிக்கு. வாழைப்பழக் கல்யாணத்துக்குப் பெறகு கோமதி வாரத்துக்கு ஒண்ணு கட்டிவிடுதா."

கோமதி அவர் மனைவி.

பேச்சி பழத்தை அவிழ்த்தாள். அவர் சட்டைப் பொத்தானில் கட்டினாள்.

"கண்ணு பட்டது உங்க மேலதான அண்ணாச்சி?"

பழத்தோடு பாடம் கேட்டார். பழத்தோடு பஸ் ஏறினார். கண்டக்டர் பழத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு டிக்கெட் கொடுத்தார்.

முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிம்பலை நிறுத்தி, சொன்னது சொன்னபடி எல்லாவற்றையும் செய்தார். ஆஃப் பண்ணி, தட்டைத் தள்ளி, பக்கவாட்டில் நகர்த்தி, கிம்பலின் பின்கையை இழுத்து. கோமதியை ஃபோனில் படமெடுக்கச் சொன்னார். படத்தில் அவர் இடது கை லென்ஸுக்கு அடியில் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை இருந்தது. தோளில் வைக்கிற பெரிய கேமராக் காலத்தில் ஒட்டிய கை அது. அங்கே இருப்பது அவருக்கே தெரியாது.

வீடியோவைப் பேச்சிக்கு அனுப்பினார். "சரியா இருக்காம்மா?"

நீல டிக் வந்தது. வெகு நேரம் வேறெதுவும் வரவில்லை. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வரி வந்தது.

'கைவிட்டுருங்க அண்ணாச்சி.'

குத்தாலிங்கம் அதை மூன்று தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நாலாவது தடவையும் படித்தார்.

"என்ன சொல்லுது அந்தப் பிள்ள?" என்றாள் கோமதி.

"கைவிடச் சொல்லுது."

"எத?"

"தொழிலத்தான். வேற எத?"

"வெவரமாக் கேக்க வேண்டியதுதான?"

"அது என்னைக்கு வெவரமாப் பேசிச்சு? அவ்வளவு பேசுற பிள்ள இல்ல. சொன்னா யோசிச்சுத்தான் சொல்லும்."

கோமதிக்குக் கோபம் வந்தது. "இருவது வருஷமா இதையேதான் நானும் சொன்னேன். நான் சொன்னா ஏறாது. அவ ஒரு வரி அனுப்பினா ஏறிருது!"

அவர் தோசையைத் தொடவில்லை. கேமராவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளைக்கு வேட்டி அவிழ்ந்த கல்யாணம், மழையில் பந்தல் சரிந்த கல்யாணம் என்று எல்லாம் வந்து வந்து போயின. எதிலும் அவர் கேமராவைக் கீழே வைத்ததில்லை.

சனிக்கிழமை காலையில் பூட்டியது பூட்டியபடியே கிம்பலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். முதலில் குருவிடம் ஒப்படைத்துவிட வேண்டும். பிறகு ஆவுடையப்பனைக் கூப்பிட்டு, திருநெல்வேலி ஆளையே வரச் சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் ஒரு கை கிம்பல் பிடியில், ஒரு கை லென்ஸுக்கு அடியில். உட்கார இடம் கொடுத்தார்கள்.

கடையில் பேச்சி இருந்தாள். குத்தாலிங்கம் கிம்பலின் அடியில் இருந்த மூன்று குட்டிக் கால்களையும் விரித்து அவள் மேசைமேல் நிறுத்தினார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே பேசினார்.

"இத நீங்களே வச்சுக்கிடுங்கம்மா. நல்லாப் பிடிக்கத் தெரிஞ்ச ஆளுக்குக் குடுங்க."

"ஏன்?"

"நீங்கதான கைவிடச் சொன்னீய?"

"ஆமா."

அந்த 'ஆமா' அவரை உடைத்துவிட்டது. "ஒரு வார்த்த ஆறுதலாச் சொல்லக் கூடாதா? சரி, போகட்டும். எத்தன முகூர்த்தம், எத்தன வெயிலு! எல்லாத்துக்கும் சேத்து இந்தத் தொழிலுக்கு ஒரு பெரிய கும்பிடும்மா!"

கும்பிட்டார்.

வாயால் மட்டும் போடுகிற கும்பிடு இல்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, கண்ணை இறுக மூடி, முழுசாகப் போட்ட கும்பிடு.

பாதிக் கும்பிடில்தான் உறைத்தது, கேமராவை யாரும் பிடித்திருக்கவில்லை என்று. விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தார்.

சத்தம் வரவில்லை.

ஒரு கண்ணை மட்டும் திறந்தார். கேமரா நின்றது.

பேச்சி ஒற்றை விரலால் லென்ஸை மேலே தள்ளினாள். கேமரா மின்விசிறியைப் பார்த்தபடி நின்றது. கீழே தள்ளினாள். தரையைப் பார்த்தபடி நின்றது. சரித்தாள். சரித்த இடத்திலேயே நின்றது.

"ஆன்லயாம்மா இருக்கு?"

"இல்ல."

"அப்ப யாரு பிடிச்சிருக்கா?"

பேச்சி தன் ஃபோனை எடுத்து ஏதோ தட்டினாள். அவர் சட்டைப்பையில் ஃபோன் கிணுங்கியது. அவர் கையைப் பிரிக்கிற நிலையில் இல்லாததால் அவளே அதை எடுத்து அவர் முகத்துக்கு நேரே காட்டினாள்.

'கை. விட்டுருங்க அண்ணாச்சி.'

குத்தாலிங்கம் படித்தார். கேமராவைப் பார்த்தார். தலைக்கு மேலே அண்ணாந்து தன் இடது கையைப் பார்த்தார், யாரோ ஒரு அசலூர்க்காரனைப் பார்க்கிற மாதிரி.

"அட, களவாணிப் பயலே!" என்றார் அதனிடம்.

அவள் கையிலிருந்த அவருடைய ஃபோன் அடித்தது. ஆவுடையப்பன். பேச்சி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணாச்சி, நாளைக்கு ஆறரைக்கு முகூர்த்தம். வந்துருவீயல்லா? திருநெல்வேலி ஆளுக்குச் சொல்லட்டுமான்னு மருமவன் நச்சரிக்கான்."

"எதுக்கு? நான் வாரேன்!" என்று கத்தினார் குத்தாலிங்கம். சந்தோஷத்தில் குரல் கடைக்கு வெளியே கேட்டது. "ஒரு பயமும் இல்லாம வாரேன். ரெண்டு கையையும் வீசிட்டு வாரேன்!"

எதிர்முனையில் ஆவுடையப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்ப கேமரா?"