மேலே ஏறிய பூஜ்யம்

பிரஸ் மெஷினில் இரண்டு விரலைப் பறிகொடுத்த மருதாசலத்துக்குக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை கொடுத்தார்கள்.

"இந்த வருஷ விபத்து ரிப்போர்ட்டுல அழகா ஒரு வரைபடம் போடு. கோடு இறங்கணும்," என்றார் பத்து விரலும் பத்திரமாக இருந்த மேனேஜர். "ஏறுச்சுன்னா நாளைக்கே மறுபடி பிரஸ்ஸுல நிப்பே."

மருதாசலத்தின் மிச்ச விரல்கள் கீபோர்டில் இறங்கின.

மறுநாள் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்து ரிப்போர்ட்டைப் பிரித்தார். பச்சைக் கோடு அழகாக இறங்கியிருந்தது. மேனேஜர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஓரத்து எண்கள்ல பூஜ்யம் ஏம்ப்பா உச்சியில இருக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மருதாசலம் மேனேஜரைக் காட்டினார். "கோடு இறங்கணும்னு சார் சொன்னாருங்க. ஆனா விபத்து கூடிப்போச்சுங்க. அதான் பூஜ்யத்தை மேலே ஏத்தி, முப்பதைக் கீழே வச்சேனுங்க."

இன்ஸ்பெக்டர் நேரே போய் பிரஸ்ஸுக்குச் சீல் வைத்தார். அப்புறம் மருதாசலத்தை மிரட்ட மேனேஜரிடம் மெஷின் இல்லை.