மணிப்பூவுக்குப் பேச்சு வந்தது

கோத்தகிரியில் எஸ்தர் டீச்சர் வீட்டுத் தோட்டத்தை அண்ணன் தம்பி மூன்று பேர் கவனித்துக்கொண்டார்கள். மூத்தவர் நாச்சிமுத்து, அடுத்தவர் ராக்கியப்பன், கடைசி குட்டியப்பன். வேலைக்கு அஞ்சாதவர்கள். சொன்னதை அப்படியே செய்வார்கள். அதுதான் டீச்சருக்குச் சங்கடம்.

டீச்சருக்கு ஒரே மகன் ஞானசீலன். தலை நரைக்கத் தொடங்கியும் கல்யாணம் தகையவில்லை. ஒரு வழியாக ஓர் இடம் கூடி வந்தது. பெண் பெயர் ஷீபா. அவளுக்குப் பூ என்றால் உயிராம். பெண் வீட்டார் வீடு பார்க்க வரப்போகிறார்கள் என்றதும், டீச்சர் வாசலை ஒட்டி மணிப்பூ நாற்று நட்டார். நீல நிறத்தில் குட்டி மணி போலக் கவிழ்ந்து தொங்கும் பூ அது.

நட்ட கையோடு தங்கைக்கு ஆபரேஷன் என்று கோவையிலிருந்து போன் வந்தது. கிளம்பும்போது மூவரையும் கூப்பிட்டார்.

"தினமும் செடிக்குத் தண்ணி காட்டுங்க. கொஞ்சம் வளந்ததும் தலையைக் கிள்ளி விடுங்க, அப்பத்தான் கிளை வெடிக்கும். பொண்ணு வீட்டுக்காரங்க வர்றப்ப தோட்டம் கலகலன்னு இருக்கணும். என் பையன் வாழ்க்கையே உங்க கையிலதான் இருக்கு."

மறுநாள் குட்டியப்பன் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து செடிக்கு முன்னால் பிடித்தார்.

"நல்லாப் பாத்துக்க தாயி."

"டேய், அது குள்ளச் செடி. வாளிக்குள்ள எப்படி எட்டிப் பாக்கும்? சாய்ச்சுக் காட்டுடா" என்றார் நாச்சிமுத்து.

சாய்த்தார். அத்தனை தண்ணீரும் வேரில் கொட்டிப்போனது. அடுத்த நாளும் அப்படியே. காட்டச் சொன்னால் கொட்டுகிறானே என்று அண்ணன் தினமும் திட்டினார். செடி என்னவோ தளதளவென்று வளர்ந்தது.

தலை கிள்ளும் நேரம் வந்தது.

"யார் தலையைங்கண்ணா?" என்றார் ராக்கியப்பன்.

"கண்ணும் மூக்கும் இருக்கற எடந்தான் தலை. செடிக்கு அதெல்லாம் எங்க இருக்கு? நம்ம தலையைத்தான் சொல்லியிருப்பாங்க."

"நம்மளைக் கிள்ளினா செடிக்கு எப்படிக் கிளை வெடிக்கும்?"

"டீச்சர் படிச்சவங்க. தெரியாமயா சொல்லுவாங்க?"

சொல்லிவிட்டு நாச்சிமுத்து தம்பியின் உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினார். ராக்கியப்பன் அலறித் துள்ளிச் செடிகளின் மேலேயே விழுந்தார். நுனியெல்லாம் ஒடிந்துபோனது. சில நாளில் ஒடிந்த இடத்திலெல்லாம் கிளை வெடித்தது.

"பாத்தியா? படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றார் அண்ணன். ராக்கியப்பன் வீங்கின தலையைத் தடவியபடி ஒப்புக்கொண்டார்.

பூவும் பூத்தது. செடிக்குச் செடி கொத்துக் கொத்தாக மணி. ஆனால் சத்தத்தைக் காணோம். காதை வைத்துக் கேட்டார்கள், ஆட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

"கலகலன்னு இருக்கணும்னாங்களே!" குட்டியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. "நம்மளால அந்தத் தம்பி கல்யாணம் நின்னு போயிருமா?"

நாச்சிமுத்து மல்லாந்து படுத்து ஒரு பூவுக்குள் பார்த்தார். நடுவில் வெள்ளையாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"மணிக்கு நாக்கு இருக்குது. பேச்சுத்தான் வரலை."

"ஊமையோ?"

"பொறந்து நாலு நாள்தானே ஆகுது? கொழந்தைக்குப் பேச்சு வர என்ன பண்ணுவோம்?"

"வசம்பு தடவுவோம்!"

வசம்பைச் சுட்டு, உரைத்து, கோழி இறகில் தொட்டு, ஒரு பூ விடாமல் எல்லா நாக்கிலும் தடவினார்கள். ஊருக்குத் திரும்பிய டீச்சர், பூத்துக் குலுங்கிய செடிகளைப் பார்த்த சந்தோஷத்தில் வேறொன்றும் கேட்கவில்லை.

பெண் வீட்டார் வந்தார்கள். உள்ளே காப்பி கொடுத்தாயிற்று. ஞானசீலன் வாயே திறக்கவில்லை. ஷீபாவும் தரையைப் பார்த்தபடி இருந்தாள். பெண்ணின் அப்பா இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். டீச்சர் பதறிப்போய், "வாம்மா, தோட்டத்தைப் பாக்கலாம்" என்று எல்லோரையும் வாசலுக்கு அழைத்துவந்தார்.

அங்கே மூன்று பேரும் செடிக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கொழுத்த வண்டு ஒன்று பூவுக்குள் புகுந்தது.

"உம்ம்ம்ம்."

"பேசிருச்சு!" என்று கத்தினார் குட்டியப்பன்.

நாச்சிமுத்து எழுந்து பூவிடம் குனிந்தார். "தாயி, இந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கு மருமகளா வருமா?"

"உம்ம்ம்."

"நம்ம தம்பி அதை நல்லா வெச்சுக்குமா?"

"உம்ம்ம்ம்ம்."

ஷீபாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஞானசீலனும் சிரித்துவிட்டான். அவன் சிரிப்பைப் பார்த்து அவள் இன்னும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, எனக்கு இந்த வீடு பிடிச்சிருக்கு" என்றாள். அங்கேயே தேதி குறித்தார்கள்.

மறுநாள் காலை தோட்டத்தில் ஆளே இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் மூவரும் புதுச் சட்டையில், மேட்டுப்பாளையத்தில் சினிமா பார்த்துவிட்டு வந்து நின்றார்கள்.

"யாரைக் கேட்டு லீவு எடுத்தீங்க?" என்றார் டீச்சர்.

நாச்சிமுத்து மரியாதையாக மணிப்பூவைக் காட்டினார். "அவங்ககிட்டச் சொல்லிட்டுத்தானுங்க போனோம்."

"ஏன்யா, பூ எப்படிய்யா லீவு குடுக்கும்?"

"எங்களுக்கும் அந்தச் சந்தேகம் வந்துச்சுங்க. அதனால, 'லீவு குடுக்கற அதிகாரம் உங்களுக்கு இருக்குதுங்களா?'ன்னு நேராவே கேட்டுட்டோம். அதுக்கும் 'உம்'முன்னுதானுங்க சொன்னாங்க."