சக்கரத்துக்கு மேல் எலுமிச்சம்பழம்

கோயமுத்தூரில் மயில்சாமி என்று ஒரு மில் முதலாளி. தன் ஸ்போர்ட்ஸ் காரைப் பொன்னாத்தாளின் டயர் கடையில் நிறுத்தி, ரேஸ் வண்டிக்குப் போடுகிற மாதிரி அகலச் சக்கரங்களை இறக்கினார். கடைக் கட்டடமும் அவருடையதுதான்.

"இதை மாட்டு. மட்கார்டுல கை வைக்கக் கூடாது. எங்கயாவது உரசுச்சுன்னா கடையைக் காலி பண்ணிக்க!"

"ரொம்ப அகலமுங்க. திருப்பினா உரசுமுங்க."

"நான் சொல்றேன், உரசாது!"

"அப்பச் சரிங்க" என்று மாட்டினாள்.

புதுச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது வழக்கம். பொன்னாத்தாளோ பழத்தை மேலே, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் செருகினாள்.

"அங்க எதுக்கு?"

"உரசாதுன்னு நீங்க சொல்லிட்டீங்க. பழத்தையும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்க."

மயில்சாமி சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தார். பொன்னாத்தாள் கை காட்டியதும், வண்டியில் இருந்த அவருடைய டிரைவர் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தார். பழம் பிதுங்கி, சாறு முதலாளியின் கண்ணிலேயே பீச்சி அடித்தது.

"பழம் நசுங்காத டயராப் பார்த்து மாட்டித் தொலை!" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே கத்தினார்.

மாட்டினாள். இந்தத் தடவை செருகிய பழமும் தப்பியது, கடையும் தப்பியது.

இப்போது அகல டயர் ஆசையோடு யார் வந்தாலும் மயில்சாமியே அவளிடம் அனுப்புகிறார்: "போறப்ப ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிக்கங்க. குனிஞ்சு மட்டும் பார்த்துராதீங்க!"