பத்து லட்சத்து மூன்று

ஆற்றங்கரையில் இருந்த அந்த மடத்தில் சேர வருகிறவருக்கு முதலில் ஓர் எண் கொடுப்பார்கள். ஒன்றையும் அந்த எண்ணையும் தவிர வேறு ஏதாவது எண் அதை மீதியில்லாமல் வகுக்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நடுவில் விட்டுப் போனால் மறுபடி இடம் கிடையாது.

நெல்லையப்பருக்குக் கிடைத்தது பத்து லட்சத்து மூன்று. உப்பு வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு வந்தவர். குருவான வடிவம்மையைவிட வயதில் மூத்தவர். இரண்டில் ஆரம்பித்து ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்த்தார். எதில் வகுத்தாலும் மீதி வந்தது. சிலேட்டை அழித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

“என்ன அண்ணாச்சி, இன்னும் உடையலையா? என்கிட்ட குடுங்க, தேங்காயோட சேத்து உடைச்சுருதேன்” என்பார் சமையல்கார இசக்கி.

மற்றவர்கள் தங்கள் எண்ணை உடைத்துவிட்டுச் சிலேட்டோடு குருவிடம் ஓடினார்கள். நெல்லையப்பர் போகவில்லை. மீதியைக் கொண்டுபோய் எப்படிக் காட்டுவது?

இதற்கிடையில் மகளுக்குக் குழந்தை பிறந்தது. அப்பா வந்துதான் பேர் வைக்க வேண்டும் என்று அவள் போனில் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை நெல்லையப்பர் துணிப்பையோடு குருவின் முன் வந்து நின்றார்.

“தோத்துட்டேன் அம்மா. இடம் போனா போகட்டும். ஊருக்குப் போறேன்.”

“கடைசியா எதால வகுத்தீங்க?”

“ஆயிரத்து இருநூத்தம்பதால.”

“எத்தனை தரம் போச்சு?”

“எண்ணூறு தரம். மூணு மிச்சம்.”

“எண்ணூறால வகுத்தப்போ?”

“அது மாசியிலயே பாத்தாச்சு. ஆயிரத்து இருநூத்தம்பது தரம். அப்பவும் மூணு...”

நிறுத்தினார். பையைக் கீழே வைத்தார். விரலால் காற்றில் ஏதோ எழுதினார்.

“ஆயிரத்துக்கு மேல உள்ளது ஒண்ணு இதை வகுக்கணும்னா, அதோட ஜோடி ஆயிரத்துக்குக் கீழ இருந்தாகணும்.”

“ஆமா.”

“கீழ உள்ளதை ஒண்ணு விடாம பாத்துட்டேனே. எதுவும் வகுக்கலையே.”

“ஆமா.”

“அப்போ இது பகா எண்!”

“வகுக்குமா வகுக்காதான்னுதானே பாக்கச் சொன்னேன்.”

நெல்லையப்பர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சத்தம் கேட்டு இசக்கி கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

“உடைஞ்சுட்டா அண்ணாச்சி?”

“உடையவே உடையாதாம்டே!”

கொஞ்சம் ஆறியதும் குருவைப் பார்த்தார்.

“ஆயிரத்துலயே முடிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா?”

“ஒரு தரம் சிலேட்டைக் கொண்டாந்திருக்கலாமே அண்ணாச்சி?”

அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

“அப்போ ஆயிரத்துக்கு அப்புறம் போட்டதெல்லாம் வீண்தானா?”

“அதுக்கு முன்னால போட்டதுல சந்தேகம் இருந்து, சரிபாக்கத்தான் போட்டீங்கன்னா வீணில்லை. சந்தேகம் இருந்துச்சா?”

நெல்லையப்பர் துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“இல்லை.”

“அப்போ போய்ப் பிள்ளைக்குப் பேர் வச்சுட்டு வாங்க.”