பல்லியின் தொண்டையில் இருப்பவன்

சாத்தன் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தால் எழும் சத்தம் மூன்று வயல் தாண்டிக் கேட்கும். டக், டக், டக் என்று மூன்று தரம். மேய்கிற மாடுகள் தலை நிமிரும். வீட்டில் அவன் மனைவி நாச்சாயி உலையை இறக்கி வைப்பாள். அந்தச் சத்தத்தை அவன் வாயிலிருந்து கேட்டவர்கள் ஒருவரும் இன்று இல்லை.

அந்தக் காலத்தில் மரமும் பேசும், மாடும் பேசும். காலமும் இடமும் இப்போதுபோல் இறுகிப் பிணைந்திருக்கவில்லை. பழுத்த புளியின் ஓடும் சதையும் போல ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தன. சரியான இடத்தில் கீறினால் இரண்டும் பிரிந்துவிடும். எங்கே கீறவேண்டும் என்பது பல்லிக்கு மட்டும் தெரியும். தரை, சுவர், கூரை எல்லாவற்றிலும் அது ஒன்றுபோல நடந்தது. எதையும் தன் இடம் என்று சொல்லிக்கொண்டதில்லை.

ஒருநாள் உச்சிவேளையில் சாத்தனைப் பாம்பு கடித்தது. தம்பி வைரவன் அவனைத் தோளில் சுமந்து வந்து வீட்டுக்குள் பாயில் கிடத்தினான்.

"மதினி, ஆத்துக்கு அந்தப் பக்கம்தான் விஷவைத்தியர் இருக்கார். நான் ஓடிப் போய் வர்றேன். அண்ணனைத் தூங்க விட்டுறாதீங்க."

அவன் ஓடினான். கணுக்காலில் இருந்த நீலம் முழங்காலுக்கு ஏறியது. வைத்தியர் வருவதற்குள் அது நெஞ்சுக்கு வந்துவிடும் என்று நாச்சாயிக்குத் தெரிந்தது.

கூரையிலிருந்து பல்லி எட்டிப் பார்த்தது. "அழுது என்ன ஆகப் போகுது தாயி? விஷம் ஏறணும்னா முழங்கால் வேணும், தொடை வேணும், நெஞ்சு வேணும். எல்லாம் இடம். இடத்தைக் கழற்றி வைச்சிட்டா விஷம் எங்கே ஏறும்?"

"ஆள் என்ன ஆவாரு?"

"காலத்தில் இருப்பான். வைத்தியர் வந்ததும் திரும்பச் சேர்த்துடலாம். ஒண்ணு மட்டும். அவன் படுத்த தடம் தரையில் இருக்கும். அதுதான் அவன் இடம். அது கலையக் கூடாது."

நாச்சாயி தலையசைத்தாள். பல்லி இறங்கி வந்து, சாத்தனுடைய காதோரத்தில் ஆரம்பித்து உள்ளங்கால் வரை நகத்தால் ஒரு கோடு இழுத்தது. பாய் கிடந்தது. ஆள் இல்லை. அவள் பாயைச் சுருட்டினாள். மண் தரையில் தோளும் இடுப்பும் குதிகாலும் பதிந்த தடம் ஈரமாகத் தெரிந்தது. வரிசையாக வந்த எறும்புகள் அதன் விளிம்பில் நின்று, சுற்றிப் போயின.

"மச்சான், எங்கே இருக்கீங்க?"

"இப்ப இருக்கேன்."

குரல் வலப்பக்கமிருந்தும் வரவில்லை, இடப்பக்கமிருந்தும் வரவில்லை. காதில் விழாமலே, சற்று முன் கேட்டது போல இருந்தது.

"எங்கேன்னு கேட்டேன்."

"அதான் சொல்றேனே. இப்ப. அது போச்சு. இன்னொரு இப்ப வந்துருச்சு. அதுவும் போகுது."

"கால் வலிக்குதா?"

"கால்னா?"

"நல்லா இருக்கு பேச்சு. ஊரெல்லாம் சுத்தினீங்களே, அது," என்றாள். சிரிக்கப் பார்த்தாள்.

பல்லியை வாசல் பக்கம் கூரை இறங்கும் இறவாணத்துக்கு அனுப்பி, வழியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். நினைத்ததைவிடச் சீக்கிரமே அது கத்தியது: "வரப்பில் ரெண்டு பேர் வர்றாங்க தாயி."

விஷவைத்தியர் மெழுகாத தரையில் உட்கார்ந்து மந்திரிக்க மாட்டார். அது எல்லா வீட்டுக்கும் தெரிந்த முறை. நாச்சாயி சாணத்தைக் கரைத்துக்கொண்டு குனிந்தாள். தடத்தை விட்டுவிட்டுச் சுற்றி மெழுக வேண்டும் என்றுதான் ஆரம்பித்தாள்.

"வந்துட்டாங்க மச்சான். இன்னும் கொஞ்ச நேரம்."

"நேரம்தான் எங்கிட்ட நிறைய இருக்கே, நாச்சா," என்றான் அவன். பிறகு அவளுக்குப் பழக்கமான அந்தச் சத்தம். டக், டக், டக்.

அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அவள் கை கல்யாணமான நாளிலிருந்து தினமும் மெழுகிய கை. சுவரிலிருந்து வாசல் வரை, அரை வட்டம் அரை வட்டமாகத் தானே போகும். தடத்தின் மேலும் அது போனது. தடுக்க அவனாலும் முடியவில்லை. அவள் கை எங்கே போகிறது என்று தெரிய அவனிடம் எங்கே என்பதே இல்லை.

வைத்தியர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "கடிபட்டவன் எங்கேம்மா?"

பல்லி சுவர் வழியாக இறங்கித் தரையை இரண்டு முறை சுற்றியது. "தடம் எங்கே தாயி?"

நாச்சாயி தன் கையைப் பார்த்தாள். முழங்கை வரை பச்சையாக இருந்தது. தரை முழுவதும் ஒரே சீராக, குளிர்ந்து, அழகாக இருந்தது. அவள் நகத்தால் சுரண்டினாள். ஒரு குதிகால் அளவுகூடக் கிடைக்கவில்லை.

"நாச்சா, இப்ப சேர்த்துடுவாங்களா?" என்றது குரல்.

வைத்தியர் முதுகைக் காட்டாமல் பின்னுக்கே நடந்து வெளியேறினார். வைரவன் வாசலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

அதன் பிறகு சாத்தன் அந்த வீட்டில் இருந்தான் என்று சொல்ல முடியாது. இருந்தான், அவ்வளவுதான். அவள் அண்டை ஊருக்குப் போனாலும் அவன் குரல் அதே அளவு கேட்டது. தூரம் அவனுக்கு இல்லை. வாயில்லாத பேச்சு எத்தனை நாள் நிற்கும்? முதலில் அவள் பெயரை விட்டான். பிறகு கேள்விகளை. கடைசியாக, இப்ப என்ற சொல்லையும் விட்டான். நாக்கைத் தட்டும் சத்தம் மட்டும் எஞ்சியது. பொங்கும் சோற்றிலும் அவள் கனவிலும் அது ஓயாமல் கேட்டது.

நாச்சாயி பல்லியைக் கூப்பிட்டாள்.

"நீ பிரிச்சே. நீயே அவருக்கு ஒரு இடம் கொடு."

"அழிச்சது நீ தாயி."

"நான்தான். கொடு."

பல்லி சுவரில் பாதி இறங்கி நின்றது. "எனக்குன்னு இருக்கிற இடம் என் தொண்டை ஒண்ணுதான். அதைக் கொடுத்துட்டா அப்புறம் நான் பேச முடியாது."

"கொடு," என்றாள் நாச்சாயி மறுபடியும்.

பல்லி வாயைத் திறந்தது. எங்கும் நிறைந்திருந்த சத்தம் மெல்ல ஒடுங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. சற்று நேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு வடக்குச் சுவரிலிருந்து, வடக்குச் சுவரிலிருந்து மட்டும், டக், டக், டக்.

நாச்சாயி உட்கார்ந்த நிலையிலேயே விரல் நுனியால் தரையை மூன்று தரம் தட்டினாள். "இங்கே," என்றாள். "நான் இங்கே இருக்கேன் மச்சான்."

அன்று முதல்தான் பல்லி பேச்சை விட்டு, தனக்கு உரியதல்லாத ஒரு சத்தத்தைச் சுவரிலிருந்து எழுப்புகிறது. அதைக் கேட்டதும் மனிதர்கள், யாருக்கு எதைச் சொல்கிறோம் என்று அறியாமலே, விரலால் தரையைத் தட்டுகிறார்கள்.

நாச்சாயி மறுவருஷம் அறுப்பு முடிந்ததும் ஆற்றுக்கு அக்கரையில், மனைவியை இழந்த ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். இரண்டு பெண்களைப் பெற்றாள். மூன்றாவது பிரசவத்தில் இறந்தாள்.