கன்னத்தில் ஒளித்த கடுக்காய்

ஒரு காட்டில், கோடை முற்றிக் குளங்களெல்லாம் வற்றிப்போயின. மலைச்சரிவில் ஒரே ஒரு சுனையில் மட்டும் தண்ணீர் இருந்தது. அதற்கு இறங்கும் பாறையோ இருவரைத்தான் தாங்கும். விலங்குகள் எல்லாம் முண்டியடித்ததில் ஒருநாள் பாறை ஆட்டம் கண்டது. காட்டுப்பன்றி உருண்டு விழுந்து காலை உடைத்துக்கொண்டது.

அன்றிலிருந்து முள்ளம்பன்றியைக் காவலுக்கு வைத்தார்கள். அதற்குப் பார்வை மங்கல்தான். ஆனாலும் அதை இடித்துத் தள்ள யாருக்குத் துணிவு வரும்?

முள்ளம்பன்றி இரண்டு கடுக்காய்களை முன்னே வைத்தது. "இறங்குகிறவர் ஒரு காயை எடுத்துப் போங்கள். குடித்து முடித்ததும் திருப்பி வையுங்கள். காய் இல்லையென்றால் நிழலில் வரிசையாகப் படுத்துத் தூங்குங்கள். காய் வந்ததும் முதலில் இருப்பவரை நானே எழுப்புகிறேன்" என்றது.

எல்லாரும் நிம்மதியாகத் தண்ணீர் குடித்தார்கள்.

மந்திக்கு மட்டும் பொறுமை இல்லை. 'தினமும் வரிசையில் யார் கிடப்பது? காய் என்னிடமே இருந்தால் நினைத்தபோது இறங்கலாமே' என்று நினைத்தது. ஒருநாள் காலையில் குடித்து முடித்ததும் காயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மரத்துக்குத் தாவிவிட்டது. அதைப் பார்த்த கரடியும் தன் காயோடு புதர் வழியே நழுவியது.

உச்சிவெயில் ஏறியது. மந்தி குதூகலமாகத் திரும்பி வந்தது. வரிசை அசையவே இல்லை. முதலில் ஒரு மான்குட்டி நாக்கு வறண்டு கிடந்தது. அடுத்துக் கிடந்தது யார்? மந்தியின் சொந்தக் குட்டி!

"அம்மா, தாகமாக இருக்கிறது" என்று முனகியது குட்டி.

மந்தி பதறிப்போய், "என் குட்டியை இறங்க விடு!" என்று முள்ளம்பன்றியிடம் குழறியது.

"காய் இல்லையே. எடுத்தவர்கள் திருப்பவில்லை."

"வேறு இரண்டு காய் வையேன்!"

"வைத்துவிடலாம். ஒளித்தவர்களும் வந்து இறங்கினால் பாறையில் நால்வர் நிற்பார்கள். அப்போது உன் குட்டியும் அங்கே இருந்தால்?"

மந்தி, 'எல்லார் முன்னாலும் எப்படித் துப்புவது?' என்று கூசியது. குட்டியின் வறண்ட உதடுகளைப் பார்த்தது. பிறகு தலையைக் குனிந்து, காயைத் துப்பி முள்ளம்பன்றியின் முன் வைத்தது.

முள்ளம்பன்றி உடனே மான்குட்டியை எழுப்பியது. மந்தி தன் குட்டியின் அருகே போய் உட்கார்ந்து காத்திருந்தது.

அப்போது புதருக்குள்ளிருந்து இன்னொரு கடுக்காய் உருண்டு வந்தது. பின்னாலேயே, அங்கிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்த கரடி முகத்தை மறைத்துக்கொண்டு வந்தது.

"மந்திக்குட்டி, எழுந்திரு! உன் முறை!" என்றது முள்ளம்பன்றி.

பொழுது சாய்வதற்குள் வரிசையில் இருந்த எல்லாரும் வயிறு குளிரக் குடித்தார்கள்.

நீதி: பொதுப்பொருளை வேலை முடிந்ததும் திருப்பி வைப்பவரே, பிறரையும் தம்மவரையும் காப்பவர்.